மச்சான், உனக்கு ஒரு ராத்திரி, எனக்குப் பதினொரு வருசம்

புத்தூர்,
4.11.2025

அன்பான மச்சானுக்கு,

உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டன். முதலாவதில அழுகை, அடுத்ததில தூசணம், கடைசியில ரெண்டும் கலந்து. குசினிக்குள்ள நிண்ட மனிசி, "கனடாவில ஆரப்பா மோசம் போனது?" எண்டு பதறிக்கொண்டு ஓடி வந்திட்டா. ஒருத்தரும் மோசம் போகேல்ல, புளூ ஜேய்ஸ் தோத்துப்போச்சாம் எண்டன். "அதென்ன, குருவியே?" எண்டு கேட்டிட்டு உள்ள போட்டா. உண்மையில குருவிதான் எண்டு அவவுக்கு நான் சொல்லேல்ல. சொல்லியிருந்தால் உன்ர மரியாதை இன்னும் குறைஞ்சிருக்கும்.

உன்ர கவலை விளங்குது. 1993க்குப் பிறகு 32 வருசம் காத்திருந்து வேர்ல்ட் சீரிஸுக்கு வந்து, ஏழாவது மட்சில ஒன்பதாவது இன்னிங்ஸ் மட்டும் முன்னுக்கு நிண்டு, இன்னும் ரெண்டு பேரை அவுட்டாக்கினாக் கப் எண்ட இடத்தில டொட்ஜர்ஸ்காரன் ஹோம் ரன் அடிச்சுச் சமப்படுத்தி, பேந்து பதினொராவது இன்னிங்ஸில 5–4 எண்டு தோக்கிறது லேசுப்பட்ட காரியமே? இஞ்ச ஞாயிறு காலமை. நானும் தோட்டத்துக்குள்ள நிண்டு போனில ஸ்கோர் பாத்தனான். உந்தப் பேஸ்போல் எனக்கு அரைவாசிதான் விளங்கும். உன்ர வயித்தெரிச்சல் முழுக்க விளங்கினது.

ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. போன வருசம் உவங்கள் எங்க கிடந்தவங்கள்? உங்கட டிவிசனில கடைசி. 74 வெற்றி, 88 தோல்வி. "இனி உந்த நாசமாப் போவாங்களைப் பாக்கிறேல்ல" எண்டு சத்தியம் பண்ணினது நீதானே? ஒரே வருசத்தில 94 வெற்றி, டிவிசனில முதலாமிடம், கடைசி மட்சின்ர கடைசிப் பந்து மட்டும் போய் நிண்டாங்கள். என்னட்ட இருக்கிற கடைசி நல்ல நாள் எது தெரியுமே? 2014 ஏப்ரல் 6, டாக்கா. மஹேலவும் சங்காவும் ரி20 உலகக் கிண்ணத்தைத் தூக்கின ராத்திரி. அதுக்குப் பிறகு இந்தப் பதினொரு வருசமா எங்களுக்குச் சொல்லுறது ஒரே கதைதான்: "இது இளம் ரீம், கொஞ்சம் பொறுங்கோ." அந்த இளம் ரீமில வந்த குசல் மெண்டிஸுக்கு முப்பது வயசாப்போச்சு. தாடியில நரை காணுற வயசு வரேக்கயும் அவனை இளம் வீரன் எண்டுதான் எழுதுவாங்கள் போல கிடக்கு.

2022இல ஆசியக் கிண்ணம் எடுத்தவங்கள்தானே எண்டு நீ கேப்பாய். எடுத்தவங்கள், மறுக்கேல்ல. நாட்டில பெற்றோல் இல்ல, காஸ் இல்ல, ஜனாதிபதி ஓடிப்போன ரெண்டாம் மாசம் டுபாயில பாகிஸ்தானை வெண்டாங்கள். 58க்கு 5 விக்கெற் போன பிறகு பானுக்க ராஜபக்சவும் ஹசரங்கவும் நிண்டு 170க்குக் கொண்டுபோன ஆட்டம் அது. ராஜபக்ச எண்ட பேருக்கு அந்த வருசம் நாட்டில கைதட்டு விழுந்தது அந்த ஒரு ராத்திரிதான். ஆனா அதைச் சொல்லிச் சொல்லியே எத்தினை வருசத்தை ஓட்டுறது?

சந்திச் சலூனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அண்ணை இன்னும் அதே கதிரை, அதே கண்ணாடி. 2023 செப்ரெம்பர் 17, கொழும்பில ஆசியக் கிண்ண இறுதியாட்டம். மழையால பிந்தித் தொடங்கினது. நான் முடி வெட்ட இருந்தனான். இடப்பக்கம் வெட்டி முடிக்கேக்க சிராஜ் ஒரே ஓவரில நாலு விக்கெற். அண்ணை கத்தரிக்கோலைக் கையில பிடிச்சபடி ரி.வி.யைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், என்ர வலப்பக்கம் அப்பிடியே கிடக்கு. 15.2 ஓவரில 50க்கு ஓல் அவுட். இந்தியா அதை 6.1 ஓவரில அடிச்சு முடிச்சிது. மனிசன் ஒண்டும் கதைக்கேல்ல. போய் ரி.வி.யை நிப்பாட்டினார். பேந்து, "அரசியல் பேசாதீர்கள்" எண்டு காலங்காலமாத் தொங்கின மட்டையை இறக்கி, அரசியலுக்குப் பக்கத்தில நீலப் பேனையால "கிரிக்கெற்" எண்டு எழுதி, திருப்பிக் கொழுவி விட்டார். ஆணி கொஞ்சம் வளைஞ்சு, மட்டை இப்பவும் சரிஞ்சுதான் கிடக்கு. என்ர வலப்பக்கத்தையும் அண்டைக்குச் சரியா வெட்டேல்ல.

அந்த மட்டை வந்தாப்போல சனம் வாயை மூடுமே? ஒண்டரை மாசத்தில வான்கடேயில திரும்ப அதே இந்தியாவோட 55க்கு ஓல் அவுட். 302 ஓட்டத்தால தோல்வி. அந்த உலகக் கிண்ணத்தில ரெண்டே ரெண்டு வெற்றி, ஒன்பதாமிடம். நடுவில அஞ்சலோ மத்தியூஸின்ர ஹெல்மெற் வார் அறுந்து, பிந்தினான் எண்டு "ரைம்ட் அவுட்" குடுத்த கூத்து வேற. அடுத்த வருசம் யூனில நியூயோர்க்கில தென்னாபிரிக்காவோட 77. நவம்பரில டர்பனில ரெஸ்ற் மட்சில 42, அது எங்கட சரித்திரத்திலயே ஆகக் குறைஞ்சது. இந்த வருசம் செப்ரெம்பரில ஹராரேயில சிம்பாப்வேயோட 80. ஒருக்கா வரிசையாப் பார்: 50, 55, 77, 42, 80. லொத்தர்ச் சீட்டு இலக்கம் மாதிரி இல்லையே?

முழுக்க முழுக்கத் தோக்கிற ரீமெண்டால் நான் எப்பவோ விட்டிருப்பன். உவங்கள் விடவும் விடாங்கள், அதுதான் வில்லங்கம். போன வருசம் ஓகஸ்ரில இந்தியாவை ஒருநாள் தொடரில 2–0 எண்டு கொழும்பில வெண்டாங்கள். 27 வருசத்துக்குப் பிறகு! வாண்டர்சே ஒரே மட்சில ஆறு விக்கெற். செப்ரெம்பரில ஓவலில பத்தும் நிசங்க 127 அடிச்சு, அவுட்டாகாமல் நிண்டு, இங்கிலாந்தை ரெஸ்றில தோக்கடிச்சான். அதே மாசம் காலியில நியூசிலாந்தை 2–0. கமிந்து மெண்டிஸ் 13 இன்னிங்ஸில ஆயிரம் ஓட்டம் அடிச்சு பிரட்மனோட சமனா நிண்டான். பிரட்மன் மச்சான்! நான் அண்டைக்குச் சந்தியில ஆக்களுக்கு ரீ வாங்கிக் குடுத்தனான். ரெண்டு மாசத்தால, 42. ரீக்காசைத் திருப்பிக் கேக்கலாம் போல கிடந்திது.

இந்த வருச ஆசியக் கிண்ணத்தை எடு. முதல் மூண்டு மட்சும் வெற்றி. மூண்டாவதில ஆப்கானிஸ்தான்காரன் நபி, எங்கட வெல்லாலகேன்ர கடைசி ஓவரில அஞ்சு சிக்ஸர் அடிச்சான். மட்ச் முடிஞ்ச பிறகுதான் அந்தப் பெடியனுக்குத் தகப்பன் செத்துப்போன செய்தியைச் சொன்னவை. வீட்டை வந்து இறுதிக் கடனை முடிச்சு, திரும்பப் போய் அடுத்த மட்ச் விளையாடினான். அவனைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் ஒரு பிழை கதைக்கேல்ல, மட்டை இல்லாமலே எல்லாரும் வாயை மூடினம். பேந்து சூப்பர் நாலில மூண்டும் தோல்வி. கடைசி மட்சில இந்தியா 202, நாங்களும் 202. நிசங்க 58 பந்தில 107. சூப்பர் ஓவருக்குப் போச்சுது. ரெண்டு ஓட்டம் எடுத்தாங்கள். ரெண்டே ரெண்டு. அதை இந்தியா முதல் பந்திலயே தாண்டிப் போச்சுது. என்ர மருமகன், பதினாலு வயசு, வீட்டுக்குள்ள விராட் கோலியின்ர ஆர்.சி.பி. சேட்டோட திரியிறவன், "மாமா, நீங்கள் ஏன் உதைப் பாக்கிறியள்?" எண்டான். பகிடிக்குக் கேக்கேல்ல, உண்மையா அறியத்தான் கேட்டவன்.

நீயும் இதைத்தானே கேக்கிறனி, ஆனா வேற மாதிரி. 2009க்குப் பிறகு அந்த ரீமின்ர பேரையே எடுக்க மாட்டன் எண்டு சொன்னனி, அதில நிக்கிறாய். உன்னோட நான் அதில வாதாடுறேல்ல. இஞ்சயும் பாதிச் சனம் இந்தியாவுக்குத்தான். 2011இல வான்கடேயில டோனி சிக்ஸ் அடிச்ச நேரம் எங்கட ஒழுங்கையில வெடி கேட்டிது. மூண்டு வருசத்தால டாக்காவில சங்கா நிண்டு இந்தியாவை வெல்லேக்கயும் அதே ஒழுங்கையில வெடி கேட்டிது. ரெண்டு தரமும் கொழுத்தினது ஒரே ஆள் எண்டது என்ர சந்தேகம். ஆளின்ர பேர் எழுதேல்ல, உனக்கு ஒண்டு விட்ட சொந்தம்.

1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதியாட்ட நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ரிவிரெச இராணுவ நடவடிக்கை தொடங்கி, 95 ஒக்ரோபரில ஊரை விட்டு வெளிக்கிட்டு, மீசாலையில தென்னங்காணிக்குள்ள கொட்டில் போட்டு இருந்த காலம். கரண்ட் 90ஓட போனது, பற்றறி தடை செய்த சாமான். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோ வயரை ரேடியோவில கொழுவி, பெடலைக் கையால சுத்துறது. முறை வைச்சுச் சுத்தினம். சுத்துறவன் கை தளர்ந்தால் வர்ணனை இழுபட்டு, நோயாளியின்ர குரலாகி நிண்டுபோம். அரவிந்த அடிச்ச பந்து கோட்டைத் தாண்டிச்சுதோ, பிடிபட்டுதோ எண்டு தெரியாமல் எல்லாரும் சேந்து சுத்துறவனைப் பேசுறது. ஒஸ்ரேலியா 241. அரவிந்த சதத்துக்குக் கிட்ட வரேக்க நீதான் பெடலில. வேர்வை வழிய வழிய, மாறித்தாறன் எண்டவனுக்கும் விடமாட்டன் எண்டு நிண்டனி. 107 நொட் அவுட், மூண்டு விக்கெற்றும் அவர்தான் எடுத்தவர். நாங்கள் துள்ளின துள்ளலில ரேடியோ விழுந்திட்டுது. உள்ளுக்கிருந்து உன்ர அம்மா கேட்டவ: "எங்களைக் கலைச்சவன்ர நாடு வெண்டதுக்கு உதுகள் என்னத்துக்குத் துள்ளுதுகள்?" அதுக்கு அண்டைக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. மருமகனுக்கு நான் இப்பவும் சொல்லேல்ல. அண்டைக்கு ராத்திரி பிடிச்ச விசர், அது எந்த நாட்டின்ர விசர் எண்டு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியாது.

சரி, எதிர்காலம் எண்டு கேட்டாய். உங்கட பேஸ்போலில ஒரு நல்ல ஒழுங்கு இருக்கு, அதை நினைக்க எனக்குப் பொறாமை. பிளேஓஃபுக்கு வராத ரீமுகளுக்குள்ள குலுக்கிப் போட்டு, கூடத் தோத்தவனுக்குக் கூடச் சந்தர்ப்பம் குடுத்து, புதுப் பெடியளில நல்லவனை முதல் எடுக்க விடினம். விழுந்தவன் எழும்பக் கை குடுக்கிற ஏற்பாடு. சர்வதேசக் கிரிக்கெற்றில நேர்மாறு: விழுந்தவனுக்கு மட்சைக் குறைக்கிறது. உலகக் கிண்ணத்தில ஒன்பதாவது வந்ததால இந்த வருசச் சம்பியன்ஸ் கிண்ணத்தில எங்களுக்கு இடமில்ல, வீட்டில இருந்து பாத்தம். இந்த வருசம் முழுக்க எங்களுக்கு நாலு ரெஸ்ற், யூனோட கணக்கு முடிஞ்சுது. இங்கிலாந்து, இந்தியா, ஒஸ்ரேலியா தங்களுக்குள்ள அஞ்சு அஞ்சு ரெஸ்றா விளையாடிக் காசைப் பங்குபோடினம். மத்தியூஸ் ரெஸ்றில இருந்து விலகினது அதே யூனில, காலியில. அவன்ர இடத்துக்கு வாறவன் எங்க நிண்டு பழகிறது? நிசங்க மாதிரி ஒருத்தன் நல்ல வயசில நிக்கிறான், விளையாட மட்சில்ல. தோத்தால் மட்ச் குறையும், மட்ச் குறைஞ்சால் இன்னும் தோப்பான். உங்கட ஆக்கள் ஒரு வருசத்தில அடியில இருந்து மேல வந்ததுக்கும், எங்கட ஆக்கள் வராததுக்கும் பெரிய காரணம் இதுதான் எண்டது என்ர எண்ணம். உங்க புளூ ஜேய்ஸின்ர குரேரோவுக்கு 14 வருசத்துக்கு 500 மில்லியன் டொலர் குடுக்கிற வல்லமையும் இருக்கு எண்டதை மறக்கேல்ல.

பழியை முழுக்க வெளியால தூக்கிப் போட்டிட்டுத் தப்ப ஏலாது. கொழும்பில இருக்கிறவையின்ர கூத்தும் குறைவில்ல. கோச்மாரை எண்ணிப் பார்: மார்வன் அத்தப்பத்து, கிரஹாம் ஃபோர்ட், ஹத்துருசிங்க, மிக்கி ஆர்தர், சில்வர்வூட், இப்ப சனத். வாறவர் எல்லாரும் புதுசாத் தொடங்கினவை. 2022இல முதல்தர மட்ச் விளையாட 26 கிளப். ரெண்டு கோடிக்குக் கொஞ்சம் கூடின சனத்துக்கு 26! ஒஸ்ரேலியாவில ஆறு மாநில ரீம், அவ்வளவுதான். கிளப்பைக் குறைக்கச் சொல்லிக் காலங்காலமாச் சொல்லினம். ஆனா கிரிக்கெற் சபைத் தேர்தலில வோட்டுப் போடுறது அந்தக் கிளப்புகள்தானே, தன்ர வோட்டை ஆர் வெட்டுவான்? 55க்கு விழுந்த கையோட, 2023 நவம்பரில விளையாட்டு மந்திரி கிரிக்கெற் சபையைக் கலைச்சு அர்ஜுனவைப் போட்டார். அடுத்த நாள் கோடு அதைத் தடுத்திது. பேந்து பாராளுமன்றத்தில ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒண்டாச் சேந்து சபை போகவேணும் எண்டு தீர்மானம் போட்டினம். இனப்பிரச்சினைக்குச் சேராத ஆக்கள் இதுக்குச் சேந்தினம், பாத்தியே. அடுத்த நாள் ஐ.சி.சி. எங்களை இடைநிறுத்தி, பேந்து இஞ்ச நடக்க இருந்த பத்தொன்பது வயசுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்காவுக்குத் தூக்கிக் குடுத்திது. மாசம் முடியேக்க வேலை போனது மந்திரிக்கு. சபை இருந்த இடத்தில இருந்திது.

எங்கட பக்கத்துக் கதை இன்னும் பகிடி. எல்.பி.எல்.லில யாழ்ப்பாணம் எண்ட பேரில இருக்கிற ரீம் நாலு தரம் கப் எடுத்திட்டுது, 2020, 21, 22, 24. யாழ்ப்பாணத்தில ஒரு மட்ச்தன்னும் விளையாடேல்ல. அம்பாந்தோட்டை, பல்லேகல, கொழும்பு, தம்புள்ளை எண்டு ஊர் ஊரா வெண்டினம், நாங்கள் ரி.வி.யில எங்கட பேரைப் பாத்தம். இப்ப செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர வந்து மண்டைதீவில சர்வதேச மைதானத்துக்கு வேலை தொடக்கி வைச்சிட்டுப் போயிருக்கிறார். சனத்துக்குப் புளுகம். கண்டல், பறவையள், வெள்ளம் எண்டு சுற்றாடல் ஆக்கள் கேக்கிற கேள்வியிலயும் நியாயம் இருக்கு. என்ர கேள்வி அதைவிடச் சின்னன். மருமகன் பழகிறது சீமெந்துப் பிச்சில மற்றிங் விரிச்சு. விரிப்பின்ர ஒரு மூலை கிழிஞ்சு, ஆணிக்குப் பதிலாக் கல்லு வைச்சிருக்கு. பந்து அந்தக் கல்லில பட்டால் ஆருக்கும் தெரியாத திசையில போம். மண்டைதீவில மைதானம் கட்டினாலும் அவன் புல்லுப் பிச்சில முதல் பந்து எப்ப போடுவான்?

எண்டாலும் பெடியள் விடுறாங்கள் இல்ல. மத்திய கல்லூரி வியாஸ்காந்த் பதினெட்டு வயசில எல்.பி.எல்.லில இறங்கி, 2023இல ஆசிய விளையாட்டுப் போட்டியில இலங்கைக்கு விளையாடி, அடுத்த வருசம் ஐ.பி.எல்.லில சன்ரைசர்ஸுக்குப் பந்து போட்டான். அண்டைக்கு மட்டும் சலூன் அண்ணை தானே மட்டையைக் கழட்டி வைச்சவர். சென். ஜோன்ஸ் மாதுளன் மாலிங்க மாதிரிக் கையைத் தாழ்த்தி எறியிற வேகப் பந்துக்காரன், பத்தொன்பது வயசுக்குட்பட்ட ரீம் மட்டும் வந்திட்டான். 1904இல இருந்து மோதிற அந்த ரெண்டு பள்ளிக்கூடமும் இல்லாட்டி வடக்கில கிரிக்கெற் எண்ட சொல்லே மிஞ்சியிராது. எங்கட பக்கத்தில ஆவரங்கால்காரர் இன்னும் கரப்பந்துதான். அவையள் புத்திசாலியள், தாங்கள் வெல்லக்கூடியதை விளையாடினம்.

வாற பெப்ரவரியில ரி20 உலகக் கிண்ணம், இந்தியாவிலயும் இஞ்சயும். என்ர சாத்திரம் கேள். நிசங்க ஒரு சதம் போடுவான். தீக்சனவும் ஹசரங்கவும் ஒரு பெரிய ரீமை மடக்குவாங்கள், நாடே வெடி கொழுத்தும். அடுத்த மட்சில ஒரு சின்ன ரீமோட 90க்குள்ள சுருளுவாங்கள். அசலங்க பேட்டியில "நல்ல விசயங்களை எடுத்துக்கொண்டு போறம்" எண்டுவான். சபை புது ஆலோசகர் ஒருத்தரைப் போடும். இதில ஒண்டு பிழைச்சாலும், அரையிறுதிக்குப் போனாலும், நான் ஸ்காபரோவுக்கு ஒரு கிலோ புழுக்கொடியல் அனுப்புறன். போகேல்லையெண்டால் நீ ஒரு பேஸ்போல் கையுறை அனுப்பு. மருமகனுக்குப் பிடி பழக்க வேணும். ஒஸ்ரேலியாவுக்கு மைக் யங் எண்ட பேஸ்போல்காரன்தான் பிடியும் எறியும் சொல்லிக் குடுத்தவன், அது இலங்கைக்காரனுக்கும் உதவாதே?

உன்ர காணிப் பக்கம் போன கிழமை போய்ப் பாத்தனான். வடக்கு வேலியில கதியால் நாலு பட்டுப்போச்சு, பக்கத்து வளவுக்காரர் மாட்டை உள்ள விடினம். கேட்டால் "அவர் கனடாவில தானே" எண்டினம். மழை ஒருக்கா ஓயட்டும், ஆள் பிடிச்சு அடைப்பிக்கிறன், காசை நீ பேந்து தரலாம். இந்தக் கடிதம் உன்ர மச்சாள் கொண்டு வருவா, ரெண்டு சரை மிளகாய்த்தூளும் அவவிட்ட கிடக்கு. நீல நூல் கட்டினது உன்ர மாமியாருக்கு, காரம் குறைவு. மாறிக் குடுத்திடாத.

அன்புடன்,
உன்ர மச்சான்